டேப்பை எடுக்காத இன்ஸ்பெக்டர்

கொல்லையில் மகனுக்காகக் கட்டிய குட்டி வீட்டுக்கு இரண்டு தடவை அனுமதி மறுத்த நகராட்சி இன்ஸ்பெக்டர், இன்று தானாகவே வந்து நின்றார்.

வீட்டுக்காரர் பவ்யமாகக் கை கட்டிக்கொண்டார். "சுவர் மதிலுக்கு ரொம்பக் கிட்ட இருக்குன்னீங்க சார். இடிச்சுத் தள்ளிக் கட்டிட்டேன். அளந்து பாருங்க."

"எதுக்கு? பார்த்தாலே தெரியுது."

"ஜன்னல் சின்னதுன்னீங்க..."

"காத்து பிச்சுக்கிட்டு வருதே!"

"தனி அடுப்பு கூடாதுன்னு சட்டம் பேசினீங்களே?"

"அடுப்பில்லாம எப்படிக் குடித்தனம் பண்றது?"

கறாருக்குப் பேர்போனவர், டேப்பைப் பையிலிருந்து எடுக்காமலேயே கையெழுத்துப் போட்டார். தூக்கம் கெட்டுக் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"எப்ப குடி வராங்க?"

"பெயிண்ட் காயட்டும் சார்."

"காயாட்டியும் பரவாயில்ல, இன்னைக்கே கூட்டிக்குங்க சம்பந்தி! இந்த வீடு முடியலைன்னா என் பொண்ணு என்கூடவே இருப்பான்னு நெனச்சேன். ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன். மாப்பிள்ளை ராத்திரி பூரா டிரம்ஸ் அடிக்கிறார்!"

அவர் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரர் மகனுக்குப் போன் போட்டார்.

"கையெழுத்து ஆயிடுச்சுடா. டிரம்ஸைக் கடையில திருப்பிக் குடுத்துடு, வாடகை ஏறுது."