பென்சல்டிஹைட் போத்தல்

போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே உப்புக்கட்டி போல வெள்ளையாக உறைந்து கிடந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் கடைசி உயர்தர விஞ்ஞான வகுப்பு. பிள்ளைகள் போதாதென்று அந்தப் பிரிவையே மூடுகிறார்கள். அடுத்த வருடம் படிக்க விரும்புகிறவர்கள் பதுளைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஒரேயொரு தடவை இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்று அவர்களில் விதுஷா மாதக்கணக்காக நச்சரித்தாள். இன்றுதான் சம்மதித்திருந்தேன்.

பென்சல்டிஹைட்டையும் அசற்றோனையும் காரத்தோடு கலந்தால் மஞ்சள் பளிங்கு இறங்கும். கரும்பலகையில் அதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இந்தப் பாடசாலையில் ஒரு பிள்ளையும் அதைக் கண்ணால் கண்டதில்லை.

இனி எங்கே காண்பது? காற்றுப் படப் பட பென்சல்டிஹைட் இப்படி வெள்ளைக் கட்டியாக, பென்சோயிக் அமிலமாகிவிடும். அதை வைத்துக்கொண்டு மஞ்சளும் வராது, ஒரு மண்ணும் வராது. மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லாருக்கும் படித்துப் படித்துச் சொன்னேன். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, தலைகீழாக நின்று வாங்கிய போத்தல் அது.

அலுமாரிச் சாவி ஆய்வுகூட உதவியாளர் கலாராணியிடம்தான் இருக்கிறது. வேறு யாரைப் பிடிப்பது?

"யாருக்கெல்லாம் இதத் தொறந்து குடுத்தீங்க?" என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கத்தினேன்.

அவர் கழுவிக்கொண்டிருந்த குடுவையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். குரலில் கோபமே இல்லை.

"நீங்கதான் சேர் தொறந்தீங்க. வருசா வருசம் புள்ளைகளுக்கு மோந்து பாக்கக் குடுத்துட்டு, செஞ்சா மருந்து முடிஞ்சிரும், அடுத்த வருசப் புள்ளைகளுக்கு வேணும்னு மூடி வச்சீங்க. பதினோரு வருசமா."

எனக்கு வெட்கமாக இருந்தது.

விதுஷா அளந்து வைத்திருந்த அசற்றோனை ஓரமாக நகர்த்தினாள். கையை நீட்டிப் போத்தலை வாங்கி முகர்ந்தாள். வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. கிறிஸ்மஸ் கேக் மாதிரி இருக்கிறதென்று பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள்.

ஐந்து பேரும் முகர்ந்து முடித்தார்கள். போத்தல் கைமாறி என்னிடம் வந்தது.

பழக்கதோஷத்தில் மூடியை இறுக்கி மூடி, அலுமாரியில் பத்திரமாக வைத்தேன்.