சேர்த்துக்கொள்ளலாமா

“உங்க பிள்ளைய எங்க ஸ்டடியில சேத்துக்கிடலாமாக்கா?”

கல்லூரியிலிருந்து வந்திருந்த அவள் கேட்டு வாய் மூடவில்லை. சண்முகக்கனி சரி என்றுவிட்டாள்.

அந்த உப்பளக் காலனியில் அன்றைக்குக் கிடைத்த ஒரே சரி அது. மற்ற வீடுகளில், குழுக் கடன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்துப் பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் எந்தக் கட்சி என்று விசாரித்தார்கள்.

படிப்பைப் பாதியில் விட்ட பெண் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. அவளுடைய முதுகலைப் பட்டமே இதில்தான் நிற்கிறது. நாளைக்குள் ஒரு பேட்டியாவது கிடைக்காவிட்டால் வேறு தலைப்பு பார்த்துக்கொள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

பெற்றோரிடம் சம்மதம் கேட்கும் அந்த ஒரு வரியை பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆய்வு என்றால் மிரளுவார்கள் என்று ஸ்டடி என்று மாற்றிக்கொண்டாள். அதுதான் அவள் செய்த கெட்டிக்காரத்தனம்.

சண்முகக்கனி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தெருமுனைக்கு அனுப்பினால் போதும் என்றாள் அவள்.

கதவுக்குப் பின்னால் மகள் உமா ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

பேட்டி என்றால் இவ்வளவு சந்தோஷமா என்று கேட்க வந்தவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ஒன்பதுக்கு முன்பே உமா தெருமுனையில் நின்றாள்.

பள்ளிச் சீருடையில்.

போன வருடத்துச் சீருடை, தோளில் இறுகியிருந்தது. இரட்டைச் சடையில் எண்ணெய் வழிந்தது. இடுப்பில் தம்பி இல்லை.

அவன் எங்கே என்று கேட்டாள். விடியும் முன்பே அம்மா அளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்றாள் உமா. பிறகு, கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, என்னைய எட்டாப்புல சேப்பாங்களா, ஒம்பதாப்புலயா?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஸ்டடி என்றால் படிப்பு. பிள்ளையைப் படிப்பில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒருத்தி வீடு தேடி வந்து கேட்டால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

வெட்கமாக இருந்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது. நீ ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாய் என்று கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன் என்பதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆய்வுக்குப் போகிற இடத்தில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வா, கேட்டுப் பார்ப்போம் என்று உமாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் நடந்தாள்.

தலைமையாசிரியர் சலித்துக்கொண்டார். பாதியில் நின்ற பிள்ளை மறுபடியும் எட்டில்தான் உட்கார வேண்டும் என்றார். அம்மா ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும் என்றார். இனிமேல் சேர்ந்தாற்போல் லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவைத்தார். உமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூடப் படித்தவர்கள் இப்போது ஒன்பதில் இருந்தார்கள். அந்தப் பிள்ளை நேரே எட்டாம் வகுப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

தாயிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று அவள் அளத்துக்குப் போனாள்.

அதற்குள் வெயில் ஏறியிருந்தது. வரப்பில் விரித்து வைத்த குடைக்குக் கீழே தம்பி அழுதுகொண்டிருந்தான். சண்முகக்கனி பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

உமாவைச் சேர்த்தாயிற்று என்று சொன்னதும் சண்முகக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வரப்பேறி வந்து, பையனைத் தூக்கி, சொந்தத் தங்கச்சியிடம் கொடுப்பதுபோல் அவள் கையில் கொடுத்தாள். இன்னும் ரெண்டு பாத்திதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அங்கன்வாடியில் விட அவனுக்கு இன்னும் வயது வரவில்லை. இதுவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது உமாதான்.

பையனின் அழுகை நின்றது. அவளுடைய கல்லூரி அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். கனமாக இருந்தான்.

போன் அடித்தது. பேராசிரியர்.

முதல் பேட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். கிடைத்த ஒருத்தியும் பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்றாள். பேராசிரியருக்கு அது புரிந்த மாதிரி இல்லை. சரி, நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னார்.

“இப்ப எங்கயும் போக முடியாது மேடம்” என்றாள். “கையில பிள்ள இருக்கு.”