ஊசி கோக்கும் விரல்கள்

“ஆஸ்பத்திரியில மாரைக் கேட்டாங்க, குடுத்துட்டேன். இப்ப விரலையும் கேட்டா எப்படிங்க?” என்றாள் மனைவி. மாத்திரை தொடங்கியதிலிருந்து மூட்டெல்லாம் இறுகி, தையல்காரியான அவளால் ஊசியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

கணவர் பொறுமையாக விளக்கினார். “மிச்சமிருக்கிற புற்றுக்கு ஹார்மோன்தான் தீனி. மாத்திரை அதை ஊறவிடாம அடைக்குது. அது வத்தினா மூட்டும் இறுகத்தான் செய்யும். அஞ்சே வருஷம், பல்லைக் கடிச்சுக்கோ.”

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? குடுங்க.”

தினமும் காலையில் அவரே எடுத்துக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் தையல் மிஷின் பழையபடி ஓடியது. “பார்த்தியா, உடம்பு பழகிடுச்சு” என்று பூரித்துப்போனார்.

ஒரு நாள் அவருடைய சட்டையில் பொத்தான் அறுந்தது. அவளுடைய டப்பாவில் துழாவினார். வெள்ளைப் பொத்தான்களுக்கு அடியில் துளையில்லாத வெள்ளை வட்டங்கள், அறுபதுக்குக் குறையாது. எல்லாம் அவர் கொடுத்த மாத்திரைகள்.

“பொத்தான் கிடைச்சுதாங்க?”

“ம். கிடைச்சுது.”

அவர் நீட்டிய பொத்தானை வாங்கிக்கொண்டு, ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்தாள் அவள்.