காட்டிக்கொடுத்த குடும்பம்

ஹெக்டர் டல்லியின் வாசலில் நின்று மர்ட்டில் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டாள். அறுபது வயதில் இதெல்லாம் தேவையா என்று கூச்சமாக இருந்தது. அவள் வந்தது மன்னிப்புக் கேட்க.

இளவயதில் அவளைப் பெண் கேட்டு வந்தவன் அவன். அப்பா அவனைத் தனியறைக்குள் கூட்டிப்போனார். வெளியே வந்தவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

"காட்டிக்கொடுத்த குடும்பத்துக்கா பொண்ணு குடுக்கறது?" என்றார் அப்பா.

டாஸ்மேனியாவில், ஹுவான் ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்த கதை அது. அங்கே முதன்முதலில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவள் கொள்ளுத்தாத்தா ஜோசையா ஹார்க்கமும் அவர் மனைவி டார்கஸும். தப்பி வந்த கைதிக்கு ஜோசையா இடம் கொடுத்ததை ஹெக்டரின் கொள்ளுத்தாத்தாவான மேட்டு நிலத்து டல்லி காட்டிக்கொடுத்தானாம். ஜோசையா சிறையிலேயே செத்துப்போனார். டார்கஸ் ஒண்டியாளாகக் கோடாலி பிடித்துப் பிள்ளைகளை ஆளாக்கினாள்.

கல்யாணமே செய்துகொள்ளாத மர்ட்டிலுக்கு அந்த டார்கஸ்தான் தெய்வம். கல்லறைகளைத் தேடினாள், கிழவர்களைத் துருவினாள். கப்பலேறி நியூசிலாந்து போன டார்கஸின் மூத்த மகளைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். சென்ற மாதம் அந்த மகளின் பேத்தியையே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த அம்மாள் ஊரறிந்த கதைபோலச் சொன்னாள். புருஷன் அடி தாங்காமல் டார்கஸே காவலரிடம் போய்க் கைதியைப் பற்றிச் சொன்னாளாம். கூடவே போன மகள் அம்மாவைக் கடைசிவரை மன்னிக்கவில்லையாம்.

ஹெக்டர் அவளை உள்ளே அழைத்துத் தேநீர் ஊற்றினான். மனைவியை இழந்தவன், நிறைய மெலிந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஆறுவரை ஆப்பிள் பூத்திருந்தது. கடனுக்கு விற்றுவிட்டேன் என்று அப்பா சொன்ன அந்த ஆற்றோர நிலம், எப்படியோ கைமாறி ஹெக்டரிடம் வந்திருந்தது. வேற்றாள் கைக்குப் போகவில்லையே என்று அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு.

கேட்டதையெல்லாம் அவள் சொல்லி முடித்தாள்.

"அநியாயமா உங்க குடும்பத்தைத் தூத்தினோம், ஹெக்டர். அப்பா தெரியாமத்தான் உன்னை விரட்டினார். அவரை மன்னிச்சுடு."

ஹெக்டர் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவருக்குத் தெரியும், மர்ட்டில். காட்டிக்கொடுத்தது நாங்க இல்லன்னு அன்னிக்கே சொன்னேன். 'டார்கஸ்தான்னு எனக்கும் தெரியும்'னார்."

அப்பாவின் முகம் அவள் கண்ணுக்குள் வந்தது. சாகும்வரை அருகில் இருந்து அவள்தான் அவருக்குக் கஞ்சி ஊட்டினாள்.

"அப்போ எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? உன்கூட வந்திருப்பேனே."

ஹெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"டார்கஸ் பேர் கெடக் கூடாது, வாயைத் திறக்காதேன்னார். பொண்ணா, ஆத்தோர நிலமான்னு கேட்டார்."