ஐந்தாவது சாம்பிள்

இழுத்துச் சோதிக்கும் மெஷினின் இரண்டு தாடைகளும் என் சாம்பிளைக் கவ்விக்கொண்டன.

நேற்றுக் காலை அது என் கையிலிருந்து நழுவி, தரையில் விழுந்து, இரண்டாகிப்போனது யாருக்கும் தெரியாது.

எபாக்ஸிப் பிசினில் முப்பது சதவீதம் கண்ணாடித் தூள் கலந்து வார்த்த சின்னப் பட்டை அது. தூள் கூடக் கூட விறைப்பு ஏறும். ஆனால் கொஞ்சமும் வளைந்து கொடுக்காமல் படக்கென்று முறியும். இதைத்தான் நான்கு வருடமாக மாய்ந்து மாய்ந்து நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். தரை ஒரே நொடியில் நிரூபித்துவிட்டது.

ஐந்து பட்டைகளில் நான்கை ஏற்கெனவே இழுத்து உடைத்தாயிற்று. ஐந்தாவதைத் தன் கண்முன்னே உடைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சொல்லிவிட்டார். புதிதாக வார்க்கும் அளவுக்குத் தூளும் இல்லை, நாளும் இல்லை. இன்று விட்டால் டாக்டர் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். "இன்னுமா படிக்கிறே?" என்று வாரம் தவறாமல் கேட்கும் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஒட்டினேன். ஏனோதானோ என்று இல்லை. அதே பிசின், அதை இறுக வைக்கும் அதே ஹார்டனர், ஒட்டும் பசையிலும் அதே முப்பது சதவீதத் தூள். திருட்டுத்தனத்திலும் ஒரு நேர்மை வேண்டாமா! சூட்டடுப்பில் வைத்து இறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, மாலைக்குள் மேடத்தின் அலமாரியில் வைத்துவிட்டேன்.

மேடம் என் வழிகாட்டி. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணை மாற்றி எழுதியவனை ஆய்வகத்தை விட்டே துரத்தியவர். இப்போது என் முதுகுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றார். கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் எண் ஏறியது.

தாங்குடா, என் ராசா, தாங்கு. மற்ற நாலும் தாங்கிய அளவுக்காவது தாங்கிவிடு.

பாதி வழியிலேயே 'டக்'கென்று முறிந்தது.

தேர்வாளர் லென்சை எடுத்தார். முறிந்த முகத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார்.

"முறிஞ்ச இடத்துல கண்ணாடித் தூளே இல்லையே. வெறும் பிசின்தான் இருக்கு. இதை யாரு ஒட்டினது?"

இதற்கு மேல் என்ன மறைப்பது? மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நான்தான் சார்."

அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்தும் "நான்தான் சார்" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேர்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் நான் பட்டையை ஒழுங்காகப் பார்த்தேன். நான் ஒட்டிய இடம், முறிந்த இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.