சிவப்பு ஸ்வெட்டர் மலையேறிய கதை

மலையேறக் கிளம்பிய பூங்கோதையின் முதுகுப்பைக்கு அன்று காலையிலேயே தலைவலி. உள்ளே சிவப்பு ஸ்வெட்டருக்கும் மழைக்கோட்டுக்கும் சண்டை.

"குளிருக்கு ஸ்வெட்டர், மழை வந்தா அதுக்கு மேல கோட்டு. இதுல என்ன தகராறு?" என்றது பை.

"இவன் என்மேல ஏறிக்கிட்டா நான் எப்படிண்ணே வெளியே தெரிவேன்?" என்ற ஸ்வெட்டர், கோட்டை உதைத்து அடியில் தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டது.

"அம்மா தாயே, நீ நனைஞ்சுட்டா ராத்திரி கூடாரத்துல அந்தப் பொண்ணு எதைப் போட்டுக்குவா?" என்றது பை.

"எங்கே மழை? வானம் பளிச்சுன்னு இருக்கு."

கோட்டு அடியிலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. எத்தனை தடவைதான் சொல்வது!

பாதி மலையில் குளிர் தொடங்கியதும் பூங்கோதை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். சற்று தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவள் பதறிப்போய்ப் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். சாப்பாட்டு டப்பா வந்தது, துண்டு வந்தது, டார்ச் வந்தது. கடைசியில் கோட்டு கைக்கு வந்தபோது ஸ்வெட்டரைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையும்.

பொழுது சாயும்போது மழை விட்டது. கூடாரத்துக்குள் பூங்கோதை மெல்லிய பனியன்மேல் கோட்டைச் சுற்றிக்கொண்டு பற்கள் கிட்ட நடுங்கினாள். அவளை அணைத்துக்கொள்ளலாம் என்றால் பைக்கு இருப்பது இரண்டு வார்கள்தான்.

வெளியே கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் மெல்லக் கூப்பிட்டது.

"அண்ணே..."

மன்னிப்புக் கேட்கப்போகிறது என்று நினைத்தது பை.

"அந்தக் கோட்டைப் பார்த்தீங்களா? அவசரத்துக்கு எவ்வளவு மெதுவா வர்றான்!"