முன்கூட்டியே பிரிக்காதே

காலையில் கணினியில் ஓடவிட்ட நிரல் இன்னும் தேடிக்கொண்டே இருந்தது.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பினால் ரிஸ்வானாவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பின்மேசையில் ரிஸ்வானா தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆய்வகத்துக்கு வந்தது ஒரே ஒரு உதவித்தொகை. அது இவளுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இன்று ரிஸ்வானா ஆய்வை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறாள்.

இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்த நிரல். நேரியல் தர்க்கத்தில் நிரூபணம் தேடுவது அதன் வேலை. அந்தத் தர்க்கத்தில் ஒரு தகவலை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். எடுத்தால் தீர்ந்தது. எதையும் மிச்சம் வைக்கவும் கூடாது.

நிரூபணம் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில்தான் சிக்கல். எந்தத் தகவல் எந்தப் பாதிக்கு? நிரல் ஒவ்வொரு விதமாகவும் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. அந்த விதங்களுக்குக் கணக்கே இல்லை.

பின்னால் டேப் கிழியும் சத்தம் நின்றது.

"ஏன்டி முன்னாடியே பிரிச்சுக் குடுக்கிற?"

ரிஸ்வானா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண் திரையில்.

"மொத்தத்தையும் முதல் பாதிகிட்ட குடு. வேணுங்கிறத எடுத்துக்கட்டும். மிஞ்சினத அடுத்ததுக்குத் தள்ளிவிடு."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாற்ற வேண்டியது சில வரிகள்தான். அவசரத்தில் ஒரு பிழை விழுந்தது. திருத்தினாள். ஓடவிட்டாள்.

கண் இமைப்பதற்குள் நிரூபணம் திரையில் நின்றது.



சொல்லாமலேயே போயிருக்கலாம் ரிஸ்வானா. போகிற வழியில் நின்று, பார்த்து, சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

எழுந்து ஓடினாள். வாசலில் கழற்றிய செருப்பைக்கூடப் போடவில்லை.

நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றிருந்தது. ரிஸ்வானா பெட்டியைப் படியில் ஏற்றி வைத்துவிட்டு, கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நிரூபணம் வந்துருச்சுடி."

சொல்ல நினைத்தது அதுவல்ல. நன்றி சொல்லத்தான் ஓடி வந்திருந்தாள். இத்தனை மாத மௌனத்துக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை.

"நீ சொல்லலன்னா..."

"தெரியும்."

ரிஸ்வானா அவளுடைய கால்களைப் பார்த்தாள்.

"இந்த வெயில்ல வெறுங்காலோட ஓடி வர்ற. லூசாடி நீ?"

கண்டக்டர் விசில் ஊதினார்.

"முதல் பாதி எவ்வளவு எடுத்துச்சு?" ரிஸ்வானாதான் கேட்டாள்.

"வா. காட்டுறேன்."



ரிஸ்வானா குனிந்து, படியிலிருந்த பெட்டியைக் கீழே இறக்கினாள்.